வேலூரின் வருமானம் நடந்து வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களின் வளர்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மேம்பாலம், தொழிற்பேட்டை, விமான நிலையம் என்றே பேசுகின்றன. அவையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வேலூர் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன்; இந்த ஊருக்குள் பணம் எந்த வழியாக வருகிறது என்பதை நாள்தோறும் கண்ணால் பார்க்கிறேன். அது நடந்துதான் வருகிறது. ஆகவே நடப்பவர்களின் வழியைச் சீர்செய்வதே வேலூருக்கு முதல் பொருளாதாரத் திட்டமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம், 1902-இல் மருத்துவமனையாகி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு, இன்று சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்று நாடு முழுவதும் அறியப்படும் நிறுவனமாக வளர்ந்திருப்பது வாசகர்கள் அறிந்ததே. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஒருவருக்கு வைத்தியம் என்றால் துணைக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். பரிசோதனை, முடிவு, மறு பரிசோதனை, அறுவைச் சிகிச்சை, தையல் பிரிப்பு என்று வாரக்கணக்கில் தங்குகிறார்கள். லாட்ஜ் அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். அதற்காக எங்கள் தெருவில் கடுகு எண்ணெயும் பொரியும் விற்கிற மளிகைக் கடைகள் உண்டு, பாத்திரமும் அடுப்பும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு, வங்க எழுத்தில் பெயர்ப் பலகை வைத்த மெஸ்கள் உண்டு. நானே பிழைப்புக்காக வங்க மொழியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டவன்தான். ஒரு மருத்துவ பைலை நூறு பக்கம் நகல் எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் காதில் விழுந்துவிடும்.

இப்படி வருகிறவர்களில் கார் வைத்திருப்பவர் அநேகமாக யாரும் இல்லை. லாட்ஜிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து மருந்துக் கடைக்கும், அங்கிருந்து காய்கறி வாங்க நேதாஜி மார்க்கெட்டுக்கும் நடக்கிறார்கள். நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வழியில் எந்தக் கடையின் முன் நிற்க இடம் இருக்கிறதோ அங்கே நிற்கிறார்கள்; எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே ஒரு டீ குடிக்கிறார்கள். அவர்கள் செலவிடும் பணம் லாட்ஜ் முதலாளியோடு நிற்பதில்லை. துணி வெளுப்பவர், பூ விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மெஸ்ஸில் மாவு அரைக்கும் பெண்மணி வரை அது ஓடுகிறது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கத்தரிக்காய்க் கூடையோடு காலைப் பேருந்தில் வரும் விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயை வாங்கி, கடுகு எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போன ஒரு கல்கத்தா ஆசிரியரை எனக்குத் தெரியும்.

இவ்வளவு பேருக்குச் சோறு போடுகிற அந்த நடை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, கடையைத் திறந்துவிட்டு, காலை ஆறரை முதல் ஏழரை வரை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு சக்கர நாற்காலிகள் கடந்து சென்றன. ஒன்றுகூட நடைபாதையில் செல்லவில்லை. பதினொன்றும் சாலையின் நடுவே, பின்னால் ஆரன் அடிக்கும் ஆட்டோவுக்கும் எதிரே வரும் பள்ளி வேனுக்கும் இடையே போயின. நடைபாதை என்று ஒன்று இல்லாமலும் இல்லை. கால்வாயின் மீது சிலாப் போட்டு, அதன் மேல் வண்ண ஓடு பதித்து, பார்வைக்கு அழகாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதன் விளிம்புக் கல்லை என் கடையின் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தபோது முந்நூற்றுப் பத்து மில்லிமீட்டர் இருந்தது. ஏறுவதற்குச் சாய்தளம் இல்லை. ஏறிவிட்டாலும் இருபது அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதைத் தாண்டினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலாப், அப்புறம் ஒரு லாட்ஜின் ஜெனரேட்டர். அந்த வேலையைச் செய்தவர் யார், மேற்பார்வையிட்டவர் யார் என்று விரல் நீட்டுவது என் நோக்கமன்று. சாலைகளுக்கான தர நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் 103-ஆம் எண் வழிகாட்டு நெறியோ, இடையூறு ஏதுமின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்புக் கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 1.8 மீட்டர்.

அன்று பதினோராவதாக வந்த நாற்காலியில் ஒரு மூதாட்டி இருந்தார். மகன் தள்ளிக்கொண்டு வந்தான். என் கடைக்கு எதிரே பாதாளச் சாக்கடையின் மூடி சாலை மட்டத்திலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. முன்சக்கரம் அதில் மோதி நின்றுவிட்டது. மகன் நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து, மூச்சுப் பிடித்து இழுத்தான். அந்த அம்மாள் மடியில் இருந்த எக்ஸ்ரே உறையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பு எலும்பு முறிந்தவர் என்பது பிறகு நகல் எடுக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொலிவுறு நகரத் திட்டத்தில் 2016 செப்டம்பரில் வேலூர் சேர்க்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2025 மார்ச்சில் அத்திட்டம் நாடெங்கும் முடிவுக்கு வந்துவிட்டது. பழுது மட்டும் சொன்னால் நியாயமாகாது: 2022-இல் திறந்த புதிய பேருந்து நிலையம் பழையதைவிடப் பல மடங்கு மேல், காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளில் வேலை நடந்தது, கோட்டை அகழியில் தண்ணீரைப் பார்க்க முடிகிறது. ஆனால் தெருக்களுக்கு நேர்ந்தது வேறு. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள், மூடினார்கள்; குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள், மூடினார்கள்; கேபிளுக்காக மறுபடியும் தோண்டினார்கள். 2022-இல் இந்த ஊரில் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தின் சக்கரத்தை அப்படியே வைத்துச் சிமென்ட் சாலை போட்டதையும், மற்றொரு தெருவில் அடிபம்பைச் சேர்த்துக் கால்வாய் கட்டியதையும் நாடே பார்த்துச் சிரித்தது. சிரிப்பு இருக்கட்டும், அந்தச் சாலையில் யார் எப்படி நடப்பார்கள் என்று வேலை தொடங்குமுன் ஒருவர் நின்று பார்த்திருந்தால் அந்த வண்டி கண்ணில் பட்டிருக்கும் அல்லவா?

நடைபாதை என்றாலே கடைக்காரர்களை விரட்டுவது என்று அதிகாரிகள் பொருள் கொள்வது வழக்கமாகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. நிலையான கடை வைத்திருப்பவன் இப்படிச் சொல்வது என் சக வியாபாரிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். கீமோ சிகிச்சை முடித்து வெளியே வருபவருக்கு வேண்டியது இளநீர். அதை விற்பவர் வாசலில் இருக்க வேண்டுமே தவிர, ஒரு மைல் தள்ளிக் கட்டப்பட்ட வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் அன்று. தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், வியாபாரக் குழு அமைத்து, அதில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கே கொடுத்து, எங்கே விற்கலாம் எங்கே விற்கக் கூடாது என்று அவர்களோடு பேசி முடிவு செய்யச் சொல்கிறது. நடக்கிற 1.8 மீட்டரை விட்டுவிட்டு அதற்கு வெளியே கோடு போட்டுக் கொடுத்தால் தள்ளுவண்டிக்காரர் கோட்டைத் தாண்ட மாட்டார். தாண்டுவது பெரும்பாலும் படியையும் ஜெனரேட்டரையும் வெளியே நீட்டியிருக்கும் கட்டடங்கள்தாம். என் கடைப் படியும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தது. சென்ற ஆண்டு அதை இடித்துவிட்டேன், அதனால் வியாபாரம் குறையவில்லை.

வேலூரில் வெயிலைச் சொல்லாமல் நடையைப் பற்றிப் பேச முடியாது. சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் எது என்று வானொலியில் சொல்லத் தொடங்கும்போதே நாங்கள் எங்கள் ஊர்ப் பெயரை முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகின்றன. "அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று இந்த ஊரைக் கேலி செய்யும் பழைய வழக்கு ஒன்று உண்டு. இவற்றில் சாமியில்லாத கோயில் என்பதை 1981-இல் ஊர் மக்கள் மாற்றிக் காட்டினார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மீண்டும் நிறுவினார்கள். தலைமுறை தலைமுறையாக முடியாது என்று இருந்த காரியம் அது. அதோடு ஒப்பிட்டால், மருத்துவமனையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தெருக்களில் வரிசையாகப் புங்கனும் வேம்பும் பூவரசும் நின்று நிழல் தரச் செய்வது பெரிய காரியமே இல்லை. அமைச்சர் வந்து நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகும் கன்று எனக்கு வேண்டாம். ஓடு பதிக்கும்போது மரத்தின் அடியில் நான்கடிச் சதுரம் மண்ணாகவே விட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அந்தந்த வாசல்காரரிடம் எழுத்தில் ஒப்படைத்தால் போதும்.

தண்ணீருக்கு வருகிறேன். லாட்ஜ்கள் பெருகுகின்றன; ஒவ்வொன்றிலும் சமையல், குளியல், துணி துவைப்பு எல்லாம் நடக்கின்றன; ஆழ்துளைக் கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது; காலை நேரத்தில் டேங்கர் லாரி நின்றால் சந்தில் ஆம்புலன்ஸ் நுழைய முடிவதில்லை. நந்தி மலையில் பிறந்து ஆந்திரத்தைக் கடந்து வரும் பாலாறு நம் கண் முன்னே ஆண்டில் பெரும்பகுதி மணலாகவும் முள்செடியாகவும் கிடக்க, குடிக்கும் நீருக்கு மேட்டூரிலிருந்து காவிரி குழாயில் வர வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் அதே பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் போனதைப் பாலத்தின் மேல் நின்று கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம், பார்த்ததோடு சரி. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003-லேயே ஆணை வந்தது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குள் போகிறதா என்று எங்கள் தெருவில் பார்த்தேன். சில கட்டடங்களில் அது நேரே சாலையில்தான் விழுகிறது, நோயாளிகள் அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். லாட்ஜ் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தக் குழாயைப் பார்த்துக் கையெழுத்திட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு தொழிலால் செழித்து அதன் கழிவாலேயே சீரழிந்த அனுபவம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குப் புதிதன்று. தோல் பதனிடும் ஆலைகள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன; அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தன; கூடவே பாலாற்றுப் படுகையின் கிணறுகளை உப்பாக்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள்: மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த வழக்கால்தான். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் நாள், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்கும்படி அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பணம் வரும்போது வடிகாலைப் பற்றிக் கேட்காமல் இருந்ததன் விலை அது. லாட்ஜும் உணவகமும் தோல் ஆலையைப் போன்றவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விட்டுவிட்டு, 'ஊருக்கு வருமானம் தருகிறோமே' என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பழைய பேச்சுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த வருமானம் என்றைக்கும் நிற்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, இந்தியா விசா கொடுப்பது சுருங்கியபோது, எங்கள் தெருவில் அறைகள் காலியாகக் கிடந்தன. என் கடையில் நகல் எடுப்பதும் குறைந்தது. எதிர் மெஸ்ஸில் இரண்டு பேருக்கு வேலை போனது. மருத்துவமனையின் சில துறைகளும் இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகின்றன. அங்கே இட நெருக்கடி இல்லை. கிழக்கு மாநிலங்களிலும் நல்ல மருத்துவமனைகள் வந்துகொண்டிருக்கின்றன. வைத்தியம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வருகிறவர், ஊர் படுத்தும் பாட்டை எத்தனை நாள் பொறுப்பார்?

காட்பாடியில் இறங்குபவரின் கதி தனியாக ஒரு கடிதத்துக்கு உரியது. விடியற்காலையில் படுத்த படுக்கையான நோயாளியோடு இறங்குபவருக்கு முதலில் கிடைப்பது புரோக்கரின் கைதான். நகரப் பேருந்து காட்பாடியிலிருந்து பாகாயம் வரை மருத்துவமனை வழியாகவே போகிறது. அதன் எண்ணும் கட்டணமும் வங்கத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு பலகை ரயில் நிலைய வாசலில் இருந்தால் போதும், தாழ்தளப் பேருந்து நான்கு ஓடினால் இன்னும் நல்லது. இதற்குப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

பணம் இல்லை என்பார்கள். 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. எங்கள் தெரு வணிகக் கட்டடங்கள் அதைக் கட்டுகின்றன, நான் கொடுக்கும் வாடகையிலும் அது சேர்ந்திருக்கிறது. நகராட்சியிடம் நிதி இல்லை என்பது கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது 1980-இல். சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு தெருவாசிகள் தொடுத்த வழக்கு அது. நடைபாதையில் நடப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே நான் கேட்பது சலுகை அன்று. மருத்துவமனையைச் சுற்றிய ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வசூலாகும் சொத்து வரியில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஐந்தாண்டுகளுக்கு அந்த வட்டத்தின் நடைபாதைக்கும் நிழலுக்கும் வடிகாலுக்கும் பொதுக் கழிப்பறைக்கும் மட்டுமே செலவிடுவது என்று மாமன்றம் தீர்மானம் போடட்டும். தோண்டும் துறை எதுவானாலும், மூடிய பிறகு ஒரு சக்கர நாற்காலியை அதன் மேல் தள்ளிப் பார்த்த பிறகே பட்டியல் தொகை வழங்கப்படும் என்று ஒரு விதி சேர்க்கட்டும். கழிப்பறையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: சிறுநீரக நோயாளி ஒருவர் என் கடைக்குள் வந்து தயங்கித் தயங்கி நிற்பார், நகல் எடுக்க வரவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். என் கடையில் கழிப்பறை இல்லை.

2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியுள்ளன. எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நான் இரண்டு முறை போனேன். தெருவிளக்கும் குப்பையும் பேசினோம், தேவையானவைதான். ஆனால் இந்தத் தெருக்களை அதிகம் பயன்படுத்துகிற வெளியூர் நோயாளிக்கு இங்கே வாக்கு இல்லை, அவருடைய குறையைப் பதிவு செய்ய எவரும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் இருவரையாவது அழைத்துப் பேசச் சொல்லலாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

ஆற்காடு சாலை, காந்தி சாலை, பாபு ராவ் தெரு ஆகியவற்றில் முப்பத்தெட்டு இடங்களில் நடைபாதையின் அகலத்தையும் விளிம்புக் கல்லின் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட பொறியாளரோ மாமன்ற உறுப்பினரோ கடைக்கு வந்து கேட்டால் நகல் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
தோட்டப்பாளையம், வேலூர்.